மாலை ஏழரைக்கு மட்டும் எகிறும் பிங்: சாட்ஸ்வொர்த், ஃபைபர் லைன், உதவி வேண்டும்

1. சாட்ஸ்வொர்த்_சிங்கம் (திங்கள், இரவு 10:48)

எல்லோருக்கும் வணக்கம். அம்மா திருச்சிக்காரர், அதனால் தமிழ் எழுத வரும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். 50/10 ஃபைபர் லைன், அதாவது இறக்கம் (டவுன்லோட்) நொடிக்கு 50 மெகாபிட், ஏற்றம் (அப்லோட்) 10. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுவேன், ஜோஹன்னஸ்பர்க் சர்வர். பகல் முழுவதும் பிங் (டேட்டா சர்வருக்குப் போய் வரும் நேரம், மில்லிநொடியில்) 11, 12 என்று அழகாக நிற்கும். மாலை ஏழரை ஆனதும் 200, 400, சில நேரம் 700. நான் சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகு செத்து விழுகிறேன். பத்து மணி ஆனதும் யாரோ சுவிட்சைத் தட்டியது போலச் சரியாகிவிடும். தினமும் இதே கதை. கூட ஆடுபவர்கள் எனக்கு 'ரப்பர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இணையம் தரும் நிறுவனத்துக்கு நாலு முறை எழுதினேன். லைன் நன்றாக இருக்கிறது, தரையில் ஃபைபர் போட்டவர்களைக் கேளுங்கள் என்றார்கள். ஃபைபர் போட்டவர்களோ வெளிச்சத்தின் அளவு சரியாக இருக்கிறது, இணையம் தருபவரைக் கேளுங்கள் என்றார்கள். இரண்டு பேரும் என்னைப் பந்தாடிக்கொண்டிருக்கிறார்கள். வேகச் சோதனையில் எப்போது பார்த்தாலும் 46, 48 காட்டுகிறது. அப்புறம் ஏன் இப்படி?

2. தூங்காநகரத்தான் (திங்கள், இரவு 11:05)

தம்பி, முதல் கேள்வி. ஒயரா, வைஃபையா?

வைஃபை என்றால் மற்ற எதையும் பேசுவதற்கு முன் ரவுட்டரிலிருந்து கணினிக்கு ஒரு ஒயர் இழுத்துப் பாருங்கள். நான் மிட்ராண்டில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறேன். 2.4 கிகாஹெர்ட்சைத் திறந்து பார்த்தால் முப்பது வீட்டு வைஃபை வரிசை கட்டி நிற்கும். அந்தப் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். மைக்ரோவேவ் அடுப்பும் அதே பட்டையில்தான் இரைகிறது. எங்கள் வீட்டில் யாராவது சோறு சூடாக்கினால் நான் ஒரு சுற்றுத் தோற்பேன்.

3. பீனிக்ஸ்_மாமா (செவ்வாய், காலை 6:20)

கடலில் கேபிள் அறுந்திருக்கும். 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரே நாளில் நாலு கேபிள் போயிற்றே, நினைவில்லையா? அலுவலகத்தில் மின்னஞ்சல் திறக்கவே தேநீர் குடித்து முடிக்கிற நேரம் ஆயிற்று. இப்போதும் ஏதாவது அறுந்திருக்கும், நமக்குச் சொல்ல மாட்டார்கள்.

4. கேபிள்காரர் (செவ்வாய், மதியம் 1:12)

மாமா, அது உண்மைதான். 2024 மார்ச் 14, ஐவரி கோஸ்ட் கரைக்கு அருகே வாக்ஸ், சாட்-3, ஏஸ், மெயின்ஒன் நான்கும் ஒன்றாகப் போயின. ஆனால் தம்பி ஆடுவது ஜோஹன்னஸ்பர்க் சர்வரில். டர்பனிலிருந்து ஜோபர்க் போகும் டேட்டா கடலில் கால் நனைப்பதே இல்லை, டிராக்கன்ஸ்பெர்க் பக்கமாக மலையேறிப் போகிறது. கடல் கேபிள் அறுந்தால் தம்பியின் யூடியூப் திணறலாம், இந்த ஆட்டம் திணறக் கூடாது. அதுவும் அறுந்த கேபிள் தினமும் பத்து மணிக்குத் தானே ஒட்டிக்கொள்ளாது.

தம்பி, ஊகம் வேண்டாம், அளந்து பார்ப்போம். இன்று மாலை கறுப்புத் திரையை (கமாண்ட் பிராம்ப்ட்) மூன்று முறை திறந்து மூன்றிலும் ஒரே நேரத்தில் பிங் ஓடவிடுங்கள்.

ஒன்று, வீட்டு ரவுட்டருக்கு. பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும்.
இரண்டு, நிறுவனத்தின் முதல் ரவுட்டருக்கு. டிரேசர்ட் (டேட்டா போகும் வழியில் இருக்கும் ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் கட்டளை) போட்டால் இரண்டாவது வரியில் வரும் முகவரி.
மூன்று, 8.8.8.8. அது கூகுளின் சர்வர், நம் ஊரிலிருந்து கேட்டால் பொதுவாக ஜோபர்க்கிலிருந்தே பதில் வரும்.

ஒயர் போட்டுத்தான் செய்ய வேண்டும். எண் எந்தத் திரையில் முதலில் ஏறுகிறதோ, நோய் அதற்கு முந்தைய துண்டில் இருக்கிறது. அரை மணி நேரம் ஓடட்டும். ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு எழுதாதீர்கள்.

5. சாட்ஸ்வொர்த்_சிங்கம் (செவ்வாய், இரவு 9:31)

ஒயர் முப்பது மீட்டர் வேண்டியிருந்தது. கூடத்திலிருந்து நடைவழியாக என் அறைக்கு. ஆயா அதில் ஒரு முறை தடுக்கி, "வீட்டுக்குள்ளே கண்ணி வைக்கிறான்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். சரி, முடிவு இதுதான்.

ஆறரை மணிக்கு வீட்டு ரவுட்டர் 1 மில்லிநொடிக்குக் கீழே, நிறுவனத்தின் முதல் ரவுட்டர் 3, கடைசி (8.8.8.8) 11.
ஏழே முக்காலுக்கு ரவுட்டர் 1-க்குக் கீழே, அசையவே இல்லை. நிறுவனத்தின் முதல் ரவுட்டர் 480! கடைசி 490.

ஆக வைஃபை இல்லை. நிறுவனத்தின் மேல்தான் தப்பு, சரிதானே? டிரேசர்ட் படமும் எடுத்திருக்கிறேன். ஐந்தாவது வரியில் 40 சதவீதம் டேட்டா காணாமல் போவதாகக் காட்டுகிறது. அதையும் சேர்த்து அனுப்பப் போகிறேன்.

6. மின்வெட்டு_ராணி (செவ்வாய், இரவு 9:50)

மாலையில் எல்லோரும் படம் பார்க்க உட்காருவார்கள், தெருவே நெரியும். நிறுவனத்தை மாற்று தம்பி. நம் ஊரில் அது ஒரு வசதி. தரையில் கிடக்கும் ஃபைபர் ஒருவருடையது, அதன்மேல் இணையம் விற்பவர்கள் பலர். தோண்டாமல், ஆள் வராமல், மாதக் கடைசியில் மாறிவிடலாம். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நான் இரண்டு முறை மாறினேன்.

7. கேபிள்காரர் (செவ்வாய், இரவு 10:22)

கொஞ்சம் பொறுங்கள். அந்த 40 சதவீதப் படத்தை அனுப்பாதீர்கள், அங்கே இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் அந்த மேசையில் உட்கார்ந்தவன்தான்.

நடுவில் இருக்கும் ரவுட்டருக்கு வேலை டேட்டாவைக் கடத்திவிடுவது. "நீ யார், எவ்வளவு தூரம்?" என்று கேட்கும் பிங்குக்குப் பதில் சொல்வதை அது ஓய்வு கிடைக்கும்போதுதான் செய்யும், பல நேரம் செய்யவே செய்யாது. ஐந்தாவது வரியில் 40 போய், ஆறு, ஏழு, எட்டில் ஒன்றும் போகவில்லை என்றால் ஐந்தாவதில் எதுவும் தொலையவில்லை. அது பதில் சொல்ல மறுத்தது, அவ்வளவுதான். இழப்பு ஒரு வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை இறங்கி வந்தால்தான் கணக்கு. இணையத்தில் வரும் புகார்ப் படங்களில் பாதி இந்தக் குழப்பம்தான்.

இரண்டாவது விஷயம். உங்கள் ரவுட்டருக்கும் நிறுவனத்தின் முதல் ரவுட்டருக்கும் நடுவில் 480 என்றால் நிறுவனம் காரணமாக இருக்கலாம், உங்கள் வீடும் காரணமாக இருக்கலாம். அந்த ஒயரின் இந்த முனையில் நிற்பது உங்கள் ரவுட்டர். வெளியே போக வேண்டியது அங்கே குவிந்து கிடந்தாலும் இதே எண்தான் வரும். வேகச் சோதனையில் 48 என்றீர்கள். அது இறக்கம். ஏற்றம் எவ்வளவு காட்டியது?

8. சாட்ஸ்வொர்த்_சிங்கம் (செவ்வாய், இரவு 10:40)

இப்போது பார்த்தால் 9.6. மாலையில் எடுத்த படங்களைப் புரட்டினேன்... 3.8, 4.1, 3.5. நான் அதைக் கண்டுகொள்ளவே இல்லை அண்ணா. பெரிய எண்ணை மட்டும் பார்த்தேன்.

இன்னொன்றும் நினைவு வருகிறது, இதற்குச் சம்பந்தம் உண்டா தெரியாது. போன ஜூன் விடுமுறையில் இந்தத் தொல்லை ஐந்தரைக்கே தொடங்கிவிடும். அப்போது ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் விடுமுறை, அதனால் என்று நினைத்தேன்.

9. மின்வெட்டு_ராணி (செவ்வாய், இரவு 11:15)

தம்பி! ஜூனில் டர்பனில் சூரியன் மறைவது ஐந்து மணிக்கு. இப்போது ஜனவரியில் ஏழு மணிக்கு. இருட்டி அரை மணி நேரத்தில் உன் லைன் படுக்கிறது. ஊர் கூடிப் படம் பார்ப்பது சூரியனைப் பார்த்துத் தொடங்காது. நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். நிறுவனத்தை மாற்றாதே. உன் வீட்டில் இருட்டினால் விழிப்பது எது?

10. பீனிக்ஸ்_மாமா (புதன், காலை 6:15)

இருட்டினால் விழிப்பது ஆந்தை. அடுத்தது என் மாமியார்.

11. சாட்ஸ்வொர்த்_சிங்கம் (புதன், இரவு 8:57)

கண்டுபிடித்துவிட்டேன். கை இன்னும் நடுங்குகிறது.

ஏழே முக்காலுக்கு பிங் 500-ல் ஓடிக்கொண்டிருக்கும்போது ரவுட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு ஒயராக உருவினேன். தொலைக்காட்சியை உருவினேன், மாற்றமில்லை. அக்காவின் மடிக்கணினி, மாற்றமில்லை. கேமராப் பெட்டியை உருவினேன். 500, 510, 490, 14, 11, 11, 11. கண்ணெதிரே விழுந்தது.

போன வருடம் தெருவில் இரண்டு வீட்டில் திருட்டுப் போனதும் அப்பா நாலு கேமரா வைத்தார். ஏதாவது அசைந்தால் அந்தக் காட்சி உடனே இணையத்தில் ஏறிவிடும், திருடன் பெட்டியைத் தூக்கிப் போனாலும் படம் மிஞ்சும். நல்ல யோசனைதான். ஆனால் நாங்கள் இருட்டியதும் முன் வராந்தா விளக்கைப் போடுவோம். டர்பன் கோடையில் விளக்குப் போட்டால் பூச்சி எப்படி மொய்க்கும் என்று உங்களுக்குத் தெரியும். பூச்சியைத் தின்னப் பல்லி வரும். மூன்றாம் கேமராவின் கண்ணாடி மேலேயே ஒன்று உட்கார்ந்திருக்கிறது, அதன் வயிற்றில் துடிப்பது கூடத் தெரிகிறது. பூச்சி பறந்தால் அசைவு, பல்லி பாய்ந்தால் அசைவு. கேமரா நிறுத்தாமல் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. நேற்று இரவு மட்டும் 312 காட்சி. எல்லாம் பூச்சி.

பத்து மணிக்கு அப்பா விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போவார். என் பிங் சரியாவதும் பத்து மணிக்கு.

12. தூங்காநகரத்தான் (புதன், இரவு 9:04)

ஏழு மாதமாக ஒரு பல்லி உன்னைச் சுட்டிருக்கிறது. நான் வேலையில் பார்த்த எந்தப் பிழை அறிக்கையும் இந்த அளவுக்கு இல்லை.

13. கேபிள்காரர் (புதன், இரவு 10:36)

அருமை தம்பி. ராணியம்மாவுக்குத்தான் பாதிப் பெருமை. சரி, இப்போது பலருக்கும் உதவும் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பலர் கேட்கும் கேள்வி இது: "ஆட்டத்துக்கு மிஞ்சிப் போனால் நொடிக்குச் சில நூறு கிலோபிட்தான் வேண்டும். 10 மெகாபிட் ஏற்றத்தில் கேமரா எடுத்தது போக அதற்கு இடமில்லையா?" இடம் இருக்கிறது. பிரச்சினை இடம் இல்லை, வரிசை.

ஆடி மாதம் மாரியம்மன் கோவிலில் கஞ்சி ஊற்றுகிறார்கள். ஊற்றுபவர் ஒருவர். நீங்கள் ஒரு சின்ன டம்ளரோடு போகிறீர்கள், உங்களுக்கு ஊற்ற ஒரு நொடி போதும். ஆனால் உங்களுக்கு முன்னால் நாலு பேர் ஆளுக்குப் பத்து வாளி வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த நாலு பேர்தான் உங்கள் கேமரா. உங்கள் டம்ளர் சின்னதுதான், ஆனாலும் நாற்பது வாளி நிரம்பும் வரை நிற்க வேண்டும். பாத்திரம் பெரிதாக இருந்தாலும் ஊற்றும் கை ஒன்றுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரவுட்டரில் வெளியே போகக் காத்திருக்கும் டேட்டா 600 கிலோபைட் என்று வையுங்கள். அது 4.8 மெகாபிட். நொடிக்கு 10 மெகாபிட் போகும் வழியில் அது வடிய 0.48 நொடி. நீங்கள் பார்த்த 480 மில்லிநொடி அங்கிருந்துதான் வருகிறது. நினைவகம் மலிவானதும் ரவுட்டர் செய்பவர்கள், எதையும் கீழே போடக் கூடாது என்று பெரிய பெரிய தொட்டியாக வைத்துவிட்டார்கள். டேட்டா தொலைந்தால்தான் அனுப்புபவன் வேகத்தைக் குறைப்பான், இணையத்தில் டேட்டா அனுப்பும் விதிமுறையான டிசிபியின் பழக்கம் அது. தொட்டி பெரிதாக இருந்தால் எதுவும் தொலையாது, அவனும் குறைக்க மாட்டான், தொட்டி நிரம்பியே கிடக்கும். 2010 வாக்கில் ஜிம் கெட்டிஸ் என்பவர் தன் வீட்டு இணைப்பில் இதைப் பார்த்துத்தான் 'பஃபர்புளோட்' என்று பெயர் வைத்தார். அவ்வளவு பெரிய பொறியாளர் வீட்டிலேயே இது இருந்தது என்றால், பந்தாடப்பட்டதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

மருந்து இருக்கிறது. 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், ஒரு டேட்டா துண்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறது என்று அது பார்க்கும். காத்திருப்பு நீடித்தால் ஒன்றைக் கீழே போட்டு, அனுப்புபவனுக்குச் சைகை காட்டும். அதன் தம்பி எஃப்கியூ-கோடெல். அது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தனி வரிசை போடும். டம்ளர்காரனுக்கு ஒரு வரிசை, வாளிக்காரனுக்கு ஒரு வரிசை, ஊற்றுபவர் மாறி மாறி ஊற்றுவார். கேக் என்று இன்னும் புதியதும் உண்டு. ரவுட்டர் அமைப்பில் 'எஸ்க்யூஎம்' என்று இருந்தால் இவைதான்.

ஒரு நுட்பம் முக்கியம். வேகத்தை லைனின் உண்மை வேகத்துக்குக் கொஞ்சம் கீழே வைக்க வேண்டும், 85 முதல் 90 சதவீதம். 10 ஏற்றத்துக்கு 8.5 அல்லது 9. அப்போதுதான் வரிசை உங்கள் ரவுட்டரில், உங்கள் கட்டுப்பாட்டில் நிற்கும். முழு வேகம் வைத்தால் வரிசை அடுத்த பெட்டிக்குப் போய்விடும், அங்கே உங்கள் பேச்சு எடுபடாது.

14. சாட்ஸ்வொர்த்_சிங்கம் (புதன், இரவு 10:59)

எங்கள் ரவுட்டர் இலவசமாக வந்தது. அமைப்புகளில் 'கியூஓஎஸ்' (எந்த டேட்டாவுக்கு முன்னுரிமை என்று சொல்வது) மட்டும் இருக்கிறது, எஸ்க்யூஎம் இல்லை. அதில் 'விளையாட்டு முறை' என்று ஒரு பொத்தான். போட்டேன், ஒரு சின்ன ராக்கெட் படம் வந்தது. பிங் அப்படியே.

15. தூங்காநகரத்தான் (வியாழன், காலை 8:10)

ராக்கெட் படத்துக்குத்தான் காசு வாங்கியிருப்பார்கள்.

பழைய ரவுட்டர் ஏதாவது பெட்டியில் கிடந்தால் ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருள் ஏறுமா என்று பாருங்கள், அதில் எஸ்க்யூஎம் இலவசம். ஆனால் இந்த வரிசை வேலை எல்லாம் ரவுட்டரின் மூளையைத் தின்னும். 50 மெகாபிட்டுக்கு மலிவான பெட்டி தாங்கும், 500 என்றால் மூச்சு வாங்கும். அது வரை கேமராவின் கையைக் கட்டுங்கள். ஏற்றத்தின் பிட் அளவை ஒரு கேமராவுக்கு 1 மெகாபிட்டாகக் குறைக்கலாம். காட்சியைச் சுருக்கும் முறையில் எச்.264-க்குப் பதில், இன்னும் சிறிதாகச் சுருக்கும் எச்.265 இருந்தால் அதைப் போடலாம். அசைவைப் பார்க்கும் பகுதியில் வாசற்கதவையும் வெளிக்கதவையும் மட்டும் விட்டு, விளக்கு இருக்கும் மூலையை வெட்டிவிடலாம். கேமரா வாங்கினால் இந்தக் கடைசி வேலையை யாரும் செய்வதில்லை.

அப்புறம், உங்கள் கைப்பேசிகளின் படச் சேமிப்பையும் பாருங்கள். கல்யாணத்துக்குப் போய்விட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தால் இதே கூத்து நடக்கும்.

16. ரோஸ்ஹில்_அக்கா (வியாழன், மதியம் 12:44)

மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது. உங்களுக்கு 11, எங்களுக்குக் கடல்தான் விதி. என் மகனும் ஜோபர்க் சர்வரில்தான் ஆடுகிறான். நல்ல நாளில் 50-க்கு அருகே. டர்பன் எங்களுக்கு ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர், எனவே அது நியாயம். ஆனால் சில நாள் திடீரென்று 350 ஆகிவிடும், இரவு பகல் எல்லாம் அப்படியே நிற்கும். எங்கள் வீட்டில் கேமராவும் இல்லை, பல்லிக்கு வேலையும் இல்லை. அது என்ன?

17. கேபிள்காரர் (வியாழன், மாலை 6:30)

அக்கா, உங்களுடையது வேறு நோய். எகிறி இறங்கினால் வரிசை. எகிறி அங்கேயே ஆடாமல் நின்றால் பாதை மாறியிருக்கிறது. உங்கள் தீவிலிருந்து டர்பன் பக்கத்து அமன்சிம்டோட்டிக்கு மெடிஸ் கேபிள் 2021 முதல் இருக்கிறது. அதற்கு முன்பே, 2002-லிருந்து சேஃப் கேபிளும் உண்டு. மெல்க்போஸ்ட்ராண்டில் தொடங்கி ம்டுன்சினி, ரீயூனியன், உங்கள் தீவு, கொச்சி, பினாங்கு என்று போகும். கேபிள் இருந்தாலும் உங்கள் நிறுவனம் அன்றைக்கு அதில் அனுப்புகிறதா என்பதுதான் கேள்வி. மலிவான வழி ஐரோப்பா சுற்றி இருந்தால் டேட்டா பாரிஸ் பார்த்துவிட்டு ஜோபர்க் வரும். அந்த நாளில் டிரேசர்ட் போட்டு, ஐரோப்பிய ஊர்ப் பெயர் நடுவில் வருகிறதா பாருங்கள். வந்தால் அந்தப் படத்தை அனுப்புங்கள், அந்தப் புகாருக்கு மதிப்பு உண்டு.

18. சாட்ஸ்வொர்த்_சிங்கம் (வியாழன், இரவு 9:20)

அண்ணா, இதையே ஒட்டி இன்னொரு கேள்வி. சனிக்கிழமை சென்னையில் இருக்கும் என் மாமா மகனோடு ஆடுவேன். மும்பை சர்வர் போட்டால் அவனுக்கு 30, எனக்கு 280. ஜோபர்க் போட்டால் தலைகீழ். இதற்கும் எஸ்க்யூஎம் உதவுமா? 'பிங் குறைப்பான்' என்று மாதச் சந்தா வாங்கும் செயலிகள் இருக்கின்றனவே, அவை?

19. கேபிள்காரர் (வியாழன், இரவு 10:15)

எஸ்க்யூஎம் உதவாது. வரிசையைச் சுருக்கலாம், பூமியைச் சுருக்க முடியாது.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். எனவே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வருக்குப் போய் வரக் குறைந்தது 10 மில்லிநொடி. டர்பனிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர், அதாவது 70 மில்லிநொடி. கேபிள் கரையோரம் வளைந்து போவதையும் சேர்த்து 110, 120 வந்தால் நான் சண்டை போட மாட்டேன். 280 என்றால் உங்கள் டேட்டா லண்டன் போய் மும்பை திரும்புகிறது. இவ்வளவுக்கும் சீகாம் கேபிள் 2009-லேயே ம்டுன்சினியில் கரையேறியது, அதன் ஒரு கை மும்பைக்கே போகிறது. ஆனால் நம் நாட்டு டேட்டாவில் பெரும்பகுதி ஐரோப்பாவை நோக்கியே போய்ப் பழகிவிட்டது. அங்கே எல்லா நிறுவனமும் கைகோக்கும் சந்தை இருக்கிறது, விலையும் குறைவு. 1860-ல் நம் தாத்தாமார் சென்னையிலிருந்து கப்பலேறி நேராக டர்பனில் இறங்கினார்கள். நம் டேட்டாவுக்கு இன்னும் நேர்வழி அமையவில்லை.

செயலிகளைப் பற்றி. அவை உங்கள் டேட்டாவைத் தங்கள் சர்வருக்கு இழுத்து வேறு பாதையில் அனுப்புகின்றன. பாதை மோசமாக இருந்தால் பலன் உண்டு, 280 என்பது 200 ஆகலாம். பாதை ஏற்கெனவே நேராக இருந்தால் நடுவில் இன்னோர் ஊர் சுற்றுவதுதான் மிச்சம். ஜோபர்க் சர்வருக்கு இதை வாங்கினால் காசு தண்டம். அதோடு கவுண்டர்-ஸ்ட்ரைக், டோட்டா ஆட்டங்களுக்கு வால்வ் நிறுவனம் தன் சொந்த ரிலே (இடைநிலை சர்வர்கள்) வழியாகத்தான் டேட்டாவைக் கடத்துகிறது, அதனால் பலன் இன்னும் குறையும். இலவசச் சோதனை நாளில் சனிக்கிழமை ஆடிப் பாருங்கள். ஆட்டத்துக்குள் தெரியும் எண்ணை மட்டும் நம்புங்கள், செயலி காட்டும் எண்ணை நம்பாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் துபாய் சர்வரை முயன்று பார்ப்பேன். இரண்டு பேருக்கும் நூற்றுக்கு மேல் வரலாம், ஆனால் ஒருவன் மட்டும் அடி வாங்க மாட்டான். ஆட்டம் நொடிக்கு 64 முறை உலகத்தைக் கணக்கிடுகிறது, ஒரு முறைக்கு 15.6 மில்லிநொடி. 130 நிலையாக நின்றால் கை பழகிவிடும். 60-க்கும் 200-க்கும் நடுவில் ஊஞ்சலாடினால் எந்தக் கையும் பழகாது.

20. மின்வெட்டு_ராணி (வெள்ளி, காலை 7:40)

என் பெயருக்கு நியாயம் செய்ய ஒரு விஷயம். லோட் ஷெடிங் ஓய்ந்த மாதிரி இருந்தாலும் கரண்ட் போவது நிற்கவில்லை. 2023-ல் வாங்கிய குட்டி யூபிஎஸ்ஸை யாரும் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் பலர் ரவுட்டரை மட்டும் அதில் மாட்டுகிறார்கள். சுவரில் இருக்கும் ஓஎன்டி பெட்டியையும் மாட்ட வேண்டும், ஃபைபர் முதலில் வருவது அங்கேதான். கரண்ட் திரும்பி வரும்போது தெருவில் எல்லா ரவுட்டரும் ஒன்றாக எழுந்து, பல ஒரே வைஃபை சேனலில் போய் உட்காரலாம். அந்த இரவு வைஃபை மோசம் என்றால் பத்து நிமிடம் கழித்து ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போடுங்கள்.

21. சாட்ஸ்வொர்த்_சிங்கம் (அடுத்த வியாழன், இரவு 8:45)

ஒரு வாரம் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

அசைவுப் பகுதியை வெட்டினேன். நேற்று இரவு ஏறியது 9 காட்சி, அதில் ஏழு பக்கத்து வீட்டுப் பூனை. அத்தை வீட்டில் தூசி படிந்திருந்த ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி ஏற்றி, கேக் போட்டு, இறக்கம் 45, ஏற்றம் 9 வைத்தேன். அப்புறம் வேண்டுமென்றே கேமராவின் பழைய அமைப்பைத் திருப்பிப் போட்டு, விளக்கையும் எரியவிட்டு ஆடினேன். நாலு கேமராவும் முழுவதாக ஏற்றிக்கொண்டிருக்க, பிங் 12, 15, 13, 17. இருபதைத் தாண்டவில்லை. கேபிள்காரர் அண்ணாவுக்கு ஒரு பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பும் டர்பன் சாப்பாடு) கடன்பட்டிருக்கிறேன், டர்பன் வந்தால் சொல்லுங்கள்.

துபாய் எனக்கு 190, மாமா மகனுக்கு 60. மும்பையை விடப் பரவாயில்லை, ஆனால் அவன் இன்னும் சிரிக்கிறான்.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ஏற்றம், இறக்கம், வரிசை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு வராந்தாவில் இருந்த வெள்ளை பல்பைக் கழற்றி மஞ்சள் பல்பு மாட்டினார். பூச்சி பாதியாகக் குறைந்துவிட்டது. ஒயரைச் சுவரோரமாக ஆணி அடித்துவிட்டேன், ஆயா சமாதானம்.

22. பீனிக்ஸ்_மாமா (வெள்ளி, காலை 6:12)

தம்பி, அந்த மஞ்சள் பல்பு எத்தனை வாட், திருகு மாட்டும் வகையா, முள் மாட்டும் வகையா? எங்கள் வராந்தாவிலும் பூச்சி தாங்கவில்லை.